புது எச்.எம்.களும் கடைசி வரிசைப் பிள்ளைகளும்: கண்ணால பார்த்ததைப் போடுங்க (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரோட புனைபெயர்)

கூட்டல்குறி
பதவிக்கு வந்து அஞ்சு மாசமான ஒரு எச்.எம். (தலைமையாசிரியர்) தேர்வு முடிவுக் கூட்டத்துல பலகையில 88%னு எழுதினார். எல்லாரும் கைதட்டினாங்க. வழிகாட்டியா வந்திருந்தவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "எத்தனை பேர்ல?" 109 பேர் எழுதி 96 தேர்ச்சி. பதிவேட்டுல பேர் இருந்தது 120. எழுதாத அந்த 11 பேரோட பேரையும் வாசிக்கச் சொன்னாங்க. வாசிக்க வாசிக்கக் கூட்டமே அடங்கிப்போச்சு, ஒன்பது பேர் ஒரே பிரிவு. "நீ வந்து எழுதினா ரிசல்ட் கெட்டுடும்"னு வகுப்பாசிரியரே சொல்லி அனுப்பியிருக்கார். எச்.எம். எழுந்து போய் 88ஐ அழிச்சிட்டு 80ன்னு எழுதினார். அழிச்ச தடம் பலகையில அப்படியே இருந்தது.

சமத்துவத்துக்கான தலைமைன்னு மூணு நாள் பயிற்சி கொடுத்தும் வராதது இந்த ஒரு வகுத்தல்ல வந்துடும். ஆனா கணக்கைக் குழு குழுவாப் பிரிச்சுப் பார்க்கும்போது புதுசா வர்றவங்க வழக்கமா மூணு தப்பு பண்றாங்க. ஆண்/பெண், மாற்றுத்திறன், வீட்டுமொழின்னு தனித்தனியா மட்டும் பார்ப்பாங்க. ரெண்டைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஓட்டை தெரியும். ஆறு பேர் இருக்கிற குழுவுக்குச் சதவீதம் போடுவாங்க. அங்க ஒரு பிள்ளைன்னாலே 16.7%. அதுக்கு மூணு வருஷக் கணக்கைச் சேர்க்கணும், இல்லேன்னா எண்ணிக்கையை மட்டும் சொல்லணும். மூணாவது, ஆசிரியர் பேரோட திரையில போடுறது. அடுத்த கூட்டத்துக்கு உண்மையான கணக்கே வராது.

கரும்பலகை
வகுப்பறைப் பார்வையில் நடந்தது. புதிய தலைமையாசிரியர் கையில் நாற்பது அம்சப் படிவம். நிரப்பவே நேரம் போதவில்லை. வழிகாட்டி அதை வாங்கி வைத்துவிட்டு, இருக்கை வரைபடம் மட்டும் வரைந்த ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். யாரிடம் கேள்வி போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. அதே பிள்ளையிடம் துணைக் கேள்வி போனால் கோட்டைச் சுற்றி வட்டம். கண்டிப்பு என்றால் கழித்தல் குறி. இருபது நிமிடத்தில் 31 கோடுகள். 24 முன் இரண்டு வரிசையில். பின் வரிசையில் இருந்ததெல்லாம் கழித்தல் குறிதான்.

கெட்டது அதற்குப் பிறகு. தாளை ஆசிரியர் முன் வைத்து, "பாருங்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை நீங்கள் ஒதுக்குகிறீர்கள்" என்றார் எச்.எம். அந்த ஆசிரியர் தாளைத் தொடவே இல்லை. அடுத்த பார்வைக்கு ஒத்திகை பார்த்த பாடம் வந்தது.

தாளைக் கொடுத்துவிட்டு "என்ன தெரிகிறது?" என்று கேட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆசிரியரே கணக்கைச் சொல்வார். பிறகு ஒரே ஒரு மாற்றம் போதும்: கேள்வி கேட்டபின் மூன்று விநாடி பொறுப்பது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். மூன்று விநாடியானால் பதில் நீள்கிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் திறக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பு, அதே பாடவேளை, அதே வரைபடம். பாடவேளை மாறினால் ஒப்பிட முடியாது. மதியம் கடைசி வேளையின் கோடுகள் வேறு மாதிரிதான் விழும்.

பாடவேளை
கரும்பலகை சார், கோபிச்சுக்காதீங்க. கோடு போட்டு எண்ணிட்டு இருக்கிற நேரத்துல அந்தப் பின் வரிசைக்கு யார் பாடம் எடுக்கிறாங்கன்னு பாருங்க. அநீதி இருக்கிறது டைம் டேபிள்ல.

ஒரு பள்ளியில மூத்தவங்க முதல்ல வகுப்பைத் தேர்ந்தெடுப்பாங்க, மிச்சம் புதுசா சேர்ந்தவங்களுக்கு. வாசிக்கவே தடுமாறுற பிரிவுக்கு மூணு வருஷமா ஒவ்வொரு வருஷமும் முதல் வருஷ ஆசிரியர். புது எச்.எம். அதைக் கண்டுபிடிச்சது சரி. ரெண்டாவது மாசமே, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அட்டவணையைக் கலைச்சு அறிவிப்புப் பலகையில ஒட்டினாங்க. திங்கட்கிழமை ஏழு பேர் லீவ். எந்த வகுப்புக்கு ஆள் இல்லைன்னு போய்ப் பார்த்தா, அதே பிரிவு.

ஆண்டு நடுவுல தொடவே கூடாது. விதியை முந்தின பருவத்திலேயே கூட்டத்துல வைக்கணும்: தேவை அதிகமான பிரிவுக்கு ஆசிரியர்கள் ரெண்டு வருஷச் சுழற்சியில போகணும், யாருக்கும் விலக்கு இல்லை, எச்.எம். பேரும் பட்டியல்ல. அட்டவணை போடுற வரிசையும் முக்கியம். முதல்ல அந்தப் பிரிவுக்கு அனுபவசாலி, அடுத்து அவங்க வாசிப்பு வேளையைக் காலையில, அப்புறம் சிறப்பாசிரியர், ஆய்வகம், கடைசியில மத்ததெல்லாம். கடைசியில இருக்கிறவங்களை முதல்ல வெச்சா மீதி எப்படியும் உட்காரும். சுழற்சியில போறவங்களுக்கு ஒரு பாடவேளை குறைச்சலும் கொடுக்கணும், இல்லேன்னா அதுக்குப் பேர் தண்டனை.

கரும்பலகை
கோபமெல்லாம் இல்லை. ஆனால் எண்ணிக்கை என்று வந்தால்: பள்ளித் தலைமை பற்றி ஆய்வு செய்யும் விவியன் ராபின்சன் குழு 2008இல் 27 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆசிரியர்களோடு சேர்ந்து தலைவரும் கற்பதற்குக் கிடைத்த விளைவளவு (பிள்ளைகளின் கற்றலோடு எவ்வளவு தொடர்பு என்று காட்டும் எண்) 0.84. வளங்களைத் திட்டமிட்டு ஒதுக்குவதற்கு 0.31. உங்கள் அட்டவணை அந்த இரண்டாவதில்தான் வரும்.

பாடவேளை
பாதி ஒத்துக்கிறேன் சார். அந்த 0.84 வெறும் சில ஆய்வுகள்ல இருந்து வந்ததுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அதோட, அனுபவசாலி அந்த அறைக்குள்ள போனாத்தானே நீங்க போய்க் கோடு போடுவீங்க?

மரபெஞ்சு
ரெண்டு பேரும் அறைக்குள்ளயே நிக்கிறீங்க. எச்.எம். அறை வாசல்ல ஒரு பெஞ்சு இருக்கே? ஒரு பள்ளியில அது வகுப்பை விட்டு வெளியே அனுப்பின நாலு பிள்ளைகளுக்கு நிரந்தர இடம். ஒருத்தன் டிஃபன் பாக்ஸையே அங்கதான் வெப்பான். புது எச்.எம். தினமும் குட்மார்னிங் சொல்லிட்டுத் தாண்டிப் போவார். ஒரு நாள் அவர் வர்றதைப் பார்த்து அந்தப் பையன் தானா நகர்ந்து உட்கார இடம் விட்டான்.

அன்னிக்குத்தான் நோட்டு போட்டாங்க. தேதி, வேளை, அனுப்பினவர், காரணம், எத்தனை நிமிஷம் வெளியே. காரணத்தை ரெண்டாப் பிரிக்கணும்: யாரு பார்த்தாலும் ஒரே மாதிரி சொல்றது (அடிச்சான், உடைச்சான், ஓடினான்), பார்க்கிறவரைப் பொறுத்தது (மரியாதையில்லை, திமிரு, தொந்தரவு). பாகுபாடு ஒளிஞ்சிருக்கிறது ரெண்டாவதுலதான். அமெரிக்காவுல ரஸ்ஸல் ஸ்கிபாங்கிற ஆய்வாளரோட குழு 2002ல இதையே காட்டிச்சு: வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் புகை பிடிச்சான், பொருளைச் சேதப்படுத்தினான் மாதிரி காரணத்துக்கு அனுப்பியிருக்காங்க, கறுப்பினப் பிள்ளைகளை மரியாதைக்குறைவு, கூச்சல்னு.

நாலு வாரம் எழுதினாப் போதும், நிமிஷத்தைக் கூட்டிப் பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு 40 நிமிஷ வேளைன்னாலும் 20 நாள்ல 800 நிமிஷம், அதாவது இருபது பாடவேளை போச்சு. "திமிரு"ங்கிற வார்த்தையை நோட்டுல தடை பண்ணி, "என்ன செஞ்சான், என்ன சொன்னான்"னு மட்டும் எழுதச் சொல்லுங்க. எழுத வராத காரணத்துக்கு அனுப்புறது தானா குறையும்.

ஓய்வுக்குப்பின்
ஒரு வழிகாட்டியைக் கண்டேன். புது எச்.எம்.முக்குப் பெற்றோர் ஒருவர் போன் செய்து கத்தினார். வழிகாட்டி போனை வாங்கி, தானே பேசி, இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொடுத்தார். எச்.எம். "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வழிகாட்டுதல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். முதலில், வழிகாட்டியும் மதிப்பெண் போடும் அதிகாரியும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. இருந்தால் புது எச்.எம். பிரச்சினையை மறைப்பார், சாதனையை மட்டும் காட்டுவார். இரண்டாவது, முதல் வருடம் வாரம் ஒருமுறை, இரண்டாம் வருடம் இரு வாரத்துக்கு ஒருமுறை. முதல் வருடம் நெருப்பணைப்பதிலேயே கழியும். குழாய் உடைந்தது, பஸ் வரவில்லை, சம்பளப்பட்டியல் போகவில்லை. சமத்துவ வேலை உண்மையில் இரண்டாம் வருடம்தான் தொடங்கும்; பல திட்டங்கள் சரியாக அப்போதுதான் வழிகாட்டியைத் திரும்பப் பெறுகின்றன. இதைவிடப் பெரிய வீண் இல்லை.

சந்திப்பு ஒரு மணி நேரம் என்றால் பத்து நிமிடம் அவசரங்கள், முப்பது நிமிடம் வகுப்பறைக்குள் இருவரும் சேர்ந்து நடை, இருபது நிமிடம் ஒரே கேள்வி. அந்தக் கேள்வியில் ஒரு குழுவின் பெயர் இருக்க வேண்டும். "வருகை எப்படி?" அல்ல, "விடுதிப் பிள்ளைகள் திங்கட்கிழமை ஏன் வருவதில்லை?" பதில் தெரியவில்லை என்றால் அடுத்த வாரத்துக்குள் மூன்று பிள்ளைகளிடம், இரண்டு வீடுகளில் கேட்டு வர வேண்டும். கடினமான பேச்சை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வேண்டும்: வழிகாட்டி மறுக்கும் ஆசிரியராக நடிக்கட்டும், எச்.எம். முதல் மூன்று வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது.

அமர்த்தும் இடமும் முக்கியம். அனுபவமில்லாதவரை மிகக் கடினமான பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கையில் ஒரு வழிகாட்டியைக் கொடுத்தால் போதாது. அமெரிக்காவில் வாலஸ் அறக்கட்டளை ஆறு பெரிய பள்ளி மாவட்டங்களில் 2011 முதல் நடத்திய திட்டத்தில் தரநிலை, முன்பயிற்சி, தேர்வு-பணியமர்த்தல், பணியில் ஆதரவு என்று நான்கும் சேர்ந்தே இருந்தன. ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் 2019 மதிப்பீட்டில், புது எச்.எம். போன பள்ளிகள் மூன்று வருடம் கழித்து, திட்டத்தில் இல்லாத ஒப்பீட்டுப் பள்ளிகளைவிட வாசிப்பில் 6.22, கணிதத்தில் 2.87 சதமானப் புள்ளி (நூறில் எந்த இடம் என்று காட்டும் அளவு) முன்னே இருந்தன. நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துவந்து அந்தப் பலனை எதிர்பார்ப்பவர்களே அதிகம்.

மரபெஞ்சு
ஐயா, அந்தப் பெற்றோர் எதுக்குக் கத்தினார்னு சொல்லவே இல்லையே?

ஓய்வுக்குப்பின்
பையனைப் பெஞ்சில் உட்கார வைத்ததற்குத்தான்.

கூட்டல்குறி
அந்த 11 பேர் என்ன ஆனாங்கன்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. எட்டு பேர் மறுதேர்வு எழுதினாங்க, அஞ்சு பேர் தேர்ச்சி. எச்.எம். முடிவுப் படிவத்துல "எழுதியவர்"க்கு முன்னாடி "பதிவில் உள்ளவர்"னு ஒரு பத்தி சேர்த்து, அச்சடிச்ச கட்டமா ஆக்கிட்டார். கையால எழுதினா அடுத்த வருஷம் காணாமப் போயிடும். இந்த வருஷம் ரெண்டு பத்திக்கும் நாலு பேர் வித்தியாசம். பிரிவு வேற.