ஆம்புலன்ஸ்காரர்களுக்கு ஓர் இடம்

குழு: பெரிய வீடு
4 நவம்பர் 2018, ஞாயிறு (இந்திய நேரம்)

[மாலை 7:12] வசந்தி: எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. இங்கே அமெரிக்காவில் ஆம்புலன்ஸ், அவசர மருத்துவ ஊழியர்களுக்காகத் தலைநகர் வாஷிங்டனில் தேசிய நினைவிடம் அமைக்க அனுமதி கொடுக்கும் சட்டத்தில் அதிபர் டிரம்ப் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கவின் தொண்டராகப் போகிற ஆம்புலன்ஸ் குழுவில் இதே பேச்சுதான். முருகா, நீயும் ஊரில் ஆம்புலன்ஸில்தானே ஓடுகிறாய், எனக்கு முதலில் உன் ஞாபகம்தான் வந்தது.

[7:15] சங்கரன் பெரியப்பா: மகிழ்ச்சி அம்மா. ஆனால் அந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் நினைவிடம் என்பார்களே, இவர்களுக்கு இத்தனை நாள் இல்லையா?

[7:21] கவின்: இல்லை தாத்தா. போலீஸ்காரர்களுக்கு 1991-இலிருந்து வாஷிங்டனிலேயே இருக்கிறது. தீயணைப்பு வீரர்களுக்கு மேரிலாந்தில் எமிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் 1981-இலிருந்து இருக்கிறது. ஒரு விபத்து என்றால் மூன்று வண்டியும் சேர்ந்துதான் போய் நிற்கிறோம். ஆனால் எங்களுக்கென்று தலைநகரில் ஒரு கல்கூடக் கிடையாது.

[7:22] வசந்தி: நீ இன்னும் தூங்கவில்லையா? இரவு டூட்டி முடித்து வந்த பிள்ளை. அதுவும் இங்கே குளிர்கால நேரத்துக்காக நேற்று இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதால் டூட்டியும் ஒரு மணி நேரம் நீண்டுவிட்டது.

[7:24] கவின்: தூக்கம் வரவில்லை அம்மா. தாத்தா கேட்கிறார், சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

[7:26] செல்வி: அப்படியென்றால் அரசாங்கமே கட்டிக் கொடுக்கப் போகிறதா மதினி?

[7:31] கவின்: இல்லை அத்தை, அங்கேதான் சிக்கல். சட்டம் கொடுப்பது அனுமதி மட்டும். மத்திய அரசின் பணம் ஒரு டாலர்கூட இதில் சேரக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இதற்காகவே உள்ள அறக்கட்டளை ஒன்று முழுத் தொகையையும் நன்கொடையாகத் திரட்ட வேண்டும். கட்டும் செலவில் பத்து சதவீதத்தைப் பராமரிப்புக்காகத் தனியாகக் கொடுக்கவும் வேண்டும். இடத்துக்கும் வடிவத்துக்கும் நுண்கலை ஆணையம், தலைநகரத் திட்ட ஆணையம் என்று ஒவ்வொரு படியாக ஏறி ஒப்புதல் வாங்க வேண்டும். லிங்கன் நினைவிடத்திலிருந்து நாடாளுமன்றக் கட்டடம் வரை போகிற அந்தப் பெரிய புல்வெளியில் புதிதாக எதையும் கட்டவும் முடியாது. இதையெல்லாம் முடித்துக் கட்டுமானத்தைத் தொடங்க ஏழு வருடம் கெடு.

[7:33] சங்கரன் பெரியப்பா: அதாவது 2025 நவம்பர் 3. ஏழு வருடம் ஓடுவது தெரியாதே. வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் எடுக்க எனக்கே நாலு வருடம் ஆனது.

[7:38] முருகன்: டூட்டியில் இருந்தேன் அக்கா, இப்போதுதான் பார்க்கிறேன். கவின், அங்கே நம் ஆட்கள் பெரும்பாலும் எதில் இறக்கிறார்கள்?

[7:43] கவின்: ஆம்புலன்ஸே விபத்தில் சிக்குவது உண்டு மாமா. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் விழுந்து போனவர்கள் நிறைய. நோயாளியைத் தூக்கும்போதே மாரடைப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள். உதவப் போன இடத்தில் தாக்கப்பட்டு இறந்தவர்களும் இருக்கிறார்கள். அப்புறம், சாலை ஓரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்னால் வரும் வண்டி மோதுவது.

[7:52] முருகன்: கடைசியாகச் சொன்னதுதான் இங்கேயும். குழுவில் நான் இதைப் பேசியதே இல்லை. என் வண்டியில் பைலட்டாக, அதாவது டிரைவராக இருந்த அண்ணன் நாற்கரச் சாலையில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அன்று எனக்கு வாரவிடுப்பு, எனக்குப் பதில் வேறு ஈ.எம்.டி. (வண்டியில் முதலுதவி செய்கிறவர்) போயிருந்தார். பைக் கேஸ். அடிபட்ட பையனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள். இவர் பின்கதவைச் சாத்திவிட்டு டிரைவர் சீட்டுக்கு நடக்கும்போது லாரி அடித்துவிட்டது. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். அண்ணனோடு ஐந்து வருடம் ஓடியிருக்கிறேன். வண்டிக்குள்ளேயே பதினொரு பிரசவம் பார்த்தோம். குழந்தை அழும் சத்தம் முன்னால் கேட்டதும் ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவார்.

[7:53] வசந்தி: முருகா.

[7:55] செல்வி: நினைவு நாளில் அவர் வீட்டம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போவார்கள் மதினி. நானும் போவேன். ஒரு சின்னப் பாலம், பக்கத்தில் ஒரு மைல்கல். வேறு அடையாளம் எதுவும் இல்லை. கைப்பிடிச் சுவரில் மாலையை வைத்துவிட்டு நிற்போம். லாரி போகிற வேகத்தில் மாலை கீழே விழுந்துவிடும். பெரிய பையன் எடுத்து எடுத்து வைப்பான்.

[8:04] கவின்: மாமா, நான் ஒன்று சொல்லலாமா? எங்கள் ஆட்களுக்கு 1993-இலிருந்து வருடாவருடம் ஒரு நினைவு விழா நடக்கிறது. இறந்தவரின் குடும்பத்தைக் கூப்பிட்டு ஒரு பதக்கம், நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் பறந்த கொடி, ஒரு வெள்ளை ரோஜா, இந்த மூன்றையும் கொடுப்பார்கள். முதலில் வர்ஜீனியாவில் ரோனோக் என்ற ஊரில்தான் ஆரம்பித்தார்கள். 1909-இல் அந்த ஊர் ஆற்றில் இரண்டு பேர் மூழ்குவதை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பார்த்தான். கரையில் அத்தனை பேர் நின்றும், காப்பாற்ற ஒருவருக்கும் தெரியவில்லை. அது அவன் மனதை விட்டுப் போகவே இல்லை. ரயில்வே வேலைக்குப் போன பிறகு 1928-இல் கூட வேலை செய்தவர்களைச் சேர்த்து ஒரு மீட்புக் குழு தொடங்கினார். ஜூலியன் வைஸ் என்று பெயர். இன்று நான் போகிற மாதிரியான தொண்டர் குழுக்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி. அப்புறம் விழா கொலராடோவுக்குப் போனது. விழா எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் வருடத்தில் மற்ற நாளெல்லாம் அந்தக் குடும்பங்கள் எங்கே போய் நிற்பார்கள்? அதற்காகத்தான் இந்தச் சட்டத்துக்கு இத்தனை வருடம் அலைந்தார்கள்.

[8:09] சங்கரன் பெரியப்பா: நம் ஊரில் இது பழைய வழக்கம் அப்பா. ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்டு, பெயரை எழுதி வைத்தார்கள். திருவண்ணாமலை பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் அதில் பொறித்திருக்கிறார்கள். கூட நின்றது யார் என்பதை விட்டுவிடக்கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

[8:12] முருகன்: கவின், ஒரு சந்தேகம். சம்பளத்துக்கு ஓடுகிறவர், தொண்டர், தனியார் கம்பெனி ஆள் எல்லாருக்கும் சேர்த்தா, அரசு ஊழியருக்கு மட்டுமா?

[8:17] கவின்: எல்லாருக்கும்தான் மாமா. அவசர மருத்துவப் பணியில் இருக்கிற அர்ப்பணிப்புக்கும் சேவைக்கும் என்றுதான் சட்டம் சொல்கிறது. யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று பிரிக்கவில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு மத்திய அரசு கொடுக்கும் இழப்பீட்டில் அப்படி இல்லை. அதற்கான சட்டம் 1976-இல் வந்தது. லாப நோக்கமில்லாத குழுவில் இருந்து இறந்தவர்களை அதில் சேர்க்கவே 2013 ஆகிவிட்டது.

[8:20] வசந்தி: சரி, நான் முடிவு பண்ணிவிட்டேன். தீபாவளிக்கு இங்கே நம் ஆட்கள் கூடும்போது உண்டியல் வைத்து அந்த அறக்கட்டளைக்கு அனுப்பப் போகிறேன். ஏழு வருடமும் வைப்பேன். கவின், நீ போய்ப் படு.

[8:21] கவின்: சரி அம்மா. மாமா, தீபாவளிக்கு உங்களுக்கு லீவு உண்டா?

[8:23] முருகன்: அன்றைக்கு எங்கே லீவு. வெடி இரண்டு மணி நேரம்தான் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது, இருந்தாலும் தீக்காய கேஸ் வரும். செவ்வாய்க்கிழமை பகல் இரவு இரண்டும் டூட்டி.

[8:27] செல்வி: அன்று காலையில் அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். பெரிய பையன் போன தடவையே அத்தை, வெள்ளைப் பெயிண்டு ஒரு டப்பா வாங்கித் தருவீர்களா, பாலத்துச் சுவரில் அப்பா பேரை எழுத வேண்டும் என்று கேட்டான். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

[8:28] முருகன்: நாளைக்கே வாங்கிவிடு. கறுப்பும் ஒரு சின்ன டப்பா வாங்கு. எழுத்து கறுப்பில் இருந்தால்தான் ஓடுகிற வண்டியிலிருந்து படிக்க முடியும்.