வேலைக்குச் சேர ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பீளமேடுவாசி:
டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என் தம்பிக்குக் கோவையில் கணபதி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சேருகிற அன்றே மார்க்ஷீட், டிப்ளமோ சர்டிபிகேட் எல்லாவற்றின் ஒரிஜினலையும் கொடுத்துவிட வேண்டுமாம், 2 வருடம் கழித்துத்தான் திரும்பத் தருவார்களாம். நடுவில் நின்றால் 1 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டு வேறு. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், ‘முதலில் சேரு, வேலையைப் பார்த்துப் போடுகிறோம்’ என்கிறார்கள். இந்தக் காலத்துப் பசங்க எந்த வேலையிலும் நிற்பதில்லை என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள், ஆனால் சம்பளத்தையே சொல்லாமல் ஒருவனை 2 வருடம் கட்டிப்போடுவது எந்த ஊர் நியாயம்?

பட்டறைக்காரன்:
14 வருடமாகச் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறேன், கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷின் 3, ஆட்கள் 9 பேர். படித்துவிட்டு வருகிற பையனுக்கு மைக்ரோமீட்டரில் சரியாக அளவு எடுக்கவே ஒரு மாதம் ஆகிறது, தனியாக மெஷினில் செட்டிங் போட ஆறு மாதம். அதுவரை உடைகிற இன்சர்ட் (வெட்டும் முனை), ரிஜெக்ட் ஆகிற பீஸ், எல்லாம் என் கைக்காசு. கை பழகியதும் பக்கத்துத் தெருவில் 2,000 ரூபாய் அதிகம் என்றால் மறுநாள் போனை எடுக்க மாட்டான். போன வருடம் 4 பேர் அப்படிப் போனார்கள், ஒருத்தன்கூட நேரில் வந்து சொல்லவில்லை. ஆர்டர் கொடுத்தவரிடம் நான் என்ன பதில் சொல்வது? சர்டிபிகேட் கையில் இருந்தால் குறைந்தபட்சம் சொல்லிவிட்டாவது போவான்.

வழக்காடுபவள்:
பாண்டு வேறு, சர்டிபிகேட் வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். பாண்டு என்றாலே செல்லாது என்று சிலர் சொல்வது தவறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது பொதுத்துறை வங்கி, விளம்பரம் கொடுத்துத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிற செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவுப்படி, 1 லட்சம் என்று எழுதிவிட்டதாலேயே முழு 1 லட்சமும் கிடைத்துவிடாது, நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. பட்டறைக்கார அண்ணா, உங்கள் செலவுக்குக் கணக்கு இருந்தால் அதைக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒருவனுடைய படிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது அந்த வழி இல்லை.

ஆள்தேடி:
சென்னையில் 11 வருடமாக ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கிறேன். சர்டிபிகேட் வாங்கி வைப்பது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வேலை தேடுகிறவர்கள் மட்டும் நேர்மையா? 90 நாள் நோட்டீஸ் பீரியடில் உட்கார்ந்துகொண்டு கையில் 3 ஆஃபர் வைத்து, ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஏற்றி, சேருகிற நாள் காலையில் போனை அணைத்துவிடுகிறார்கள். சம்பளத்தை விளம்பரத்திலேயே போடச் சொல்வதும் சுலபமில்லை. போட்டால் மறுநாளே உள்ளே இருக்கிறவர்கள் வந்து நிற்பார்கள், ‘புதுசா வருகிறவனுக்கு இவ்வளவு, எனக்கு ஏன் இல்லை’ என்று.

பீளமேடுவாசி:
அவர்கள் கேட்பது நியாயம்தானே அக்கா? 4 வருடமாக இருப்பவருக்குப் புதிதாக வருபவரைவிடக் குறைவு என்றால், சரிசெய்ய வேண்டியது அந்தச் சம்பளத்தை, விளம்பரத்தில் மறைத்து என்ன பயன்? சொல்கிற சம்பளமாவது முழுதாகக் கைக்கு வருகிறதா? வருடத்துக்கு 3,60,000 என்றால் வீட்டில் மாதம் 30,000 என்று நினைத்துக் கடன் தவணையே போட்டுவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, நம்மிடம் பிடிக்கும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கு 4.81 சதவீதம் என்று சுமார் 720, இத்தனையும் அந்த 30,000க்குள்தான். வேலையைப் பார்த்துப் பிறகு தருகிற வேரியபிள் என்று மாதம் 2,500 ஒதுக்கினால் கைக்கு வருவது 23,000 சொச்சம். இதை இன்டர்வியூ முடிந்ததுமே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் கடைசி நேரத்தில் ஓட மாட்டார்கள்.

தி.நகர் பழையவள்:
நீங்கள் எல்லோரும் ஐடி, சிஎன்சி என்று பேசுகிறீர்கள், நான் 19 வயதில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தவள். பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, பிறகு அதைத் திரும்ப வாங்க மூன்று தடவை ராத்திரி பஸ் பிடித்து வந்தேன். காலை 9 முதல் இரவு 10 வரை நின்றுகொண்டே வேலை. கடையில் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். பசங்க பெரிதாக என்ன கேட்கிறார்கள்? சொன்ன நேரத்தில் விடணும், சொன்ன சம்பளம் ஒன்றாம் தேதி வரணும், மரியாதையாகப் பேசணும், அவ்வளவுதான். அது கிடைக்கிற இடத்தை விட்டு 2,000க்காக எல்லோரும் போவதில்லை அண்ணா.

பட்டறைக்காரன்:
உங்களுக்கு நடந்ததைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறதுங்க. என்னிடம் இப்போது 2 பேருடைய ஒரிஜினல் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் பாண்டை விட மாட்டேன், அதில் என் கருத்து மாறவில்லை. பழக்குகிற ஆறு மாதம் என் முதலீடு, அதைப் பாதியில் விட்டுப் போகிறவன் கொஞ்சமாவது தர வேண்டும்.

வழக்காடுபவள்:
தாராளமாகக் கேளுங்கள், என்ன செலவு என்று பிரித்து எழுதுங்கள், மாதம் ஆக ஆகத் தொகை குறைகிற மாதிரி போடுங்கள். இன்னொன்று, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். ‘வேலையைப் பார்த்துப் போடுகிறோம்’ என்ற வாய்ப்பேச்சு இனி எடுபடாது.

பீளமேடுவாசி:
தம்பி திங்கட்கிழமை சேர வேண்டும். ஒரிஜினலைக் காட்டிவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடு, சம்பளத்தைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். மறுத்தால் திரும்பி வந்துவிடட்டும், அப்பாவிடமும் பேசிவிட்டேன்.