புதுப்பிப்பு: மைவி காருக்கு நீள வீல் ஸ்டட் போட்டாச்சு

சக்கரத்துக்கும் ஹப்புக்கும் (சக்கரம் பூட்டும் மையப் பகுதி) நடுவே 15 மி.மீ. ஸ்பேசர் தகடு போட்டதும், ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் திருகாணி) நட் மூன்று சுற்றிலேயே நின்றுவிடுகிறது, போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதவே போதாது. 12 மி.மீ. விட்டமுள்ள ஸ்டட்டில், 1.5 மி.மீ. இடைவெளியுள்ள திரெட்டுக்கு, குறைந்தது எட்டுச் சுற்றாவது பிடிக்க வேண்டும்.

நீளத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஸ்டட் கழுத்தில் உள்ள பல்வரிகளின் விட்டமும் முக்கியம், அவைதான் ஹப் துளையில் இறுகிப் பிடிக்கும். நான் முதலில் வாங்கியது அரை மி.மீ. சின்னது, ஹப் துளையில் லொடலொடவென்று சுற்றியது. அப்புறம் பழையதை வெர்னியரில் அளந்துதான் சரியானது கிடைத்தது.

செந்தூல் பட்டறை அண்ணன் கிரீஸ் தடவிய வாஷர்களை அடுக்கி, பழைய நட்டை இறுக்கிப் புது ஸ்டட்டை ஹப்புக்குள் மெல்ல மெல்ல இழுத்தார். ஸ்டட்டின் தலை ஹப்பின் பின்பக்கம் இடைவெளியில்லாமல் உட்கார்ந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். இம்பேக்ட் கன்னை (நட்டை அடித்து முடுக்கும் இயந்திரம்) தொடவே இல்லை, நல்ல கை.

100 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு நட் இன்னும் கால் சுற்று இறுகியது. இந்த மறுசோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.