ஜிபிஎஸ் தடத்தில் ஒவ்வொரு வருகையையும் தனியாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி:
தன்னார்வலர்களின் கைபேசி ஜிபிஎஸ் தடங்களை 'நின்றது', 'நகர்ந்தது' என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். டிபிஸ்கேன் (DBSCAN, நெருக்கமான புள்ளிகளைக் கொத்தாகச் சேர்க்கும் முறை) போட்டால், காலையில் வீட்டில் இருந்ததும் இரவில் இருந்ததும் ஒரே நிறுத்தமாக ஒட்டிக்கொள்கின்றன. அடிக்கடி கடக்கும் சாலைச் சந்திப்புகூட தங்கிய இடம்போல வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்:
டிபிஸ்கேன் புள்ளிகளின் அடர்த்தியைத்தான் பார்க்கும். நேர வரிசை அதற்குத் தெரியாது. அதை இரண்டாவது கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் புள்ளிகளை நேர வரிசையில் பாருங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி 100 மீட்டருக்குள் 10 நிமிடமாவது இருந்தால் அது ஒரு நிறுத்தம். அப்புறம் நிறுத்தங்களின் மையங்களுக்கு மட்டும் டிபிஸ்கேன். வருகைகள் தனித்தனியாக நிற்கும், இடம் ஒன்றாகச் சேரும், சந்திப்புகளும் போய்விடும். அந்த 100, 10 இரண்டும் தொடக்க மதிப்புகள்தான். மாற்றிப் பார்த்து, நிறுத்தங்களின் எண்ணிக்கை அதிகம் ஆடாத இடத்தில் நிறுத்துங்கள்.

பதில்:
பதிவில் விழும் நேர இடைவெளிகளைக் கவனியுங்கள். அசையாமல் இருக்கும்போது பல கைபேசிகள் பதிவதையே குறைத்துவிடும். இடைவெளிக்கு முன்னும் பின்னும் ஒரே இடம் என்றால், பெரும்பாலும் அதுவே நிறுத்தம். தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி! ஒருவரின் நடமாட்டத்தைச் சுருக்கிச் சொல்ல சுழற்சி ஆரம் (radius of gyration, போன இடங்கள் அவற்றின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் பரவியுள்ளன என்ற அளவு) போதுமா?

பதில்:
போதாது. ஒரே ஒரு நெடும்பயணம் அதை ஊதிப் பெருக்கிவிடும். ஒவ்வோர் இடத்திலும் கழிந்த நேரத்தை எடையாக வைத்துக் கணக்கிடுங்கள். நாள்வாரியாக எடுத்து, இடைநிலையைச் (median) சொல்லுங்கள்.