கோனன் ஆத்தங்கரையில நின்ன கருப்பு குதிரை

வேலைக்காக ஸ்காட்லாந்துல இன்வர்னஸ் பக்கம் வந்த புதுசு. அங்கேர்ந்து வடக்க டிங்வால் போற வழியில கோனன்னு ஒரு ஆறு. சாயங்காலம் பையன கூட்டிட்டு கரையோரமா நடந்துட்டு இருந்தேன், அன்னிக்கு மழையே இல்ல, ஆனா தண்ணி பக்கத்துல ஒரு கருப்பு குதிரை நிக்குது, பிடரியிலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, சேணம் இல்ல, கடிவாளம் இல்ல, கூட ஆளும் இல்ல. பையன் தொடணும்னு ஓடப் பாத்தான். அது தலைய திருப்பி எங்களையே பாத்துச்சு, எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு, அவன் கைய புடிச்சு இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டேன்.

பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட சொன்னப்ப அவங்க முதல்ல கேட்டதே "தொட்டுட்டானா?"ன்னுதான். கெல்பின்னு இந்த ஊர் பழங்கதைங்கள்ல வரும், ஆத்துல இருக்குற நீர்க்குதிரை. சாதுவா நிக்குமாம், புள்ளைங்க ஒவ்வொருத்தரா ஏற ஏற முதுகு நீண்டுக்கிட்டே போகுமாம், அப்புறம் தோல்ல ஒட்டின கைய எடுக்கவே முடியாது, அப்படியே தண்ணிக்குள்ள பாஞ்சிடும். ஒட்டின விரலையே வெட்டிக்கிட்டு தப்பிச்ச பையன் கதையும் உண்டு. சில நேரம் அழகான ஆம்பளையா வரும், தலைமுடியில சிக்கிருக்குற பாசிய வச்சுதான் கண்டுபிடிக்கணும்.

இதே கோனன் ஆத்துக் கதைய ஹியூ மில்லர்ங்கிற ஸ்காட்லாந்து எழுத்தாளர் 1835ல எழுதி வச்சிருக்கார். அறுப்பு வேலையில இருந்தவங்களுக்கு ஆத்துலேர்ந்து ஒரு குரல், "நேரம் வந்துடுச்சு, ஆள் இன்னும் வரல"ன்னு. பாத்தா தண்ணியில கெல்பி நிக்குது. கொஞ்ச நேரத்துல ஒருத்தன் குதிரையில பறந்து வர்றான், ஆத்த கடந்தே ஆகணுங்கிறான், எவ்வளவு சொல்லியும் கேக்கல, அவன காப்பாத்தணும்னே புடிச்சு பக்கத்துல இருந்த பழைய சர்ச்சுக்குள்ள பூட்டி வச்சாங்க. நேரம் தாண்டினதும் திறந்தா, உள்ள இருந்த கல் தொட்டித் தண்ணியில முகம் கவுந்து செத்து கிடக்கான்.

ஃபால்கர்க் ஊர்ல ஆண்டி ஸ்காட்ங்கிற சிற்பி செஞ்ச 30 மீட்டர் உயர கெல்பி தலை சிலைங்களையும் போய் பாத்தேன், பிரமாதமான வேலை, ஆனா அதுக்கு மாடலா இருந்தது வண்டி இழுக்குற கிளைட்ஸ்டேல் குதிரைங்க, அந்த முகத்துல வேலைக்காரக் குதிரையோட கம்பீரம்தான் இருக்கு, கோனன் கதையில இருக்குற பயம் இல்ல.

நான் பாத்தது ஆத்துல இறங்கி ஏறின பண்ணைக் குதிரையாவே இருக்கலாம். ஆனாலும் பையன அந்த கரைக்கு தனியா விடுறதில்ல, மேல மின்சாரத்துக்கு கட்டின அணைங்க வேற இருக்கு, தண்ணி எப்ப ஏறும்னு சொல்ல முடியாது. ஸ்காட்லாந்துல இன்னொரு ஆறான ஸ்பே பக்கம் இருக்குறவங்க யாராவது இப்படி பாத்திருந்தா எழுதுங்க.