நாவல் சக்கையும் ஆடிக் கிருத்திகையும்

அணைக்கட்டு பெரியப்பா: ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நான்கு நாள்களே உள்ளன. சாறு பிழிந்த நாவல் சக்கை கொல்லையில் மூன்று கூடை கிடந்து ஈ மொய்க்கிறது. நாளைக் காலையில் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறேன்.

நான்: பெரியப்பா, தயவுசெய்து புதைக்க வேண்டாம். நாவலுக்கு ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் தோலில்தான் மிகுதி; சாற்றோடு ஒரு பங்கு போனாலும் சக்கையில் இன்னும் நிறையத் தங்கியிருக்கும். ஒயின் பிழிந்த திராட்சைத் தோலிலிருந்து இத்தாலியில் 1879 முதல் இதே வகை நிறத்தை எடுத்து விற்று வருகிறார்கள்; உணவுப் பொட்டலங்களில் 163 என்ற எண்ணால் குறிக்கப்படும் நிறம் இதுதான். ஈரச் சக்கை விரைவில் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், கொட்டையைத் தனியே பொறுக்கிவிட்டு, தோலை இன்றே நிழலில் பாய் விரித்து மெல்லியதாகப் பரப்புங்கள். வெயிலில் காய்ந்தால் நிறம் கெடும்.

காட்பாடி அத்தை: அது சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலிருந்து வாங்கிச் சென்ற பாயாக இருக்கும்.

அணைக்கட்டு பெரியப்பா: பாய் பரணில் பத்திரமாக இருக்கிறது.

ராணிப்பேட்டை மாமா: காய்ந்த பிறகு அந்த நிறச் சத்தை எப்படி எடுப்பது?

நான்: தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் துவர்ப்பை இறக்கினீர்களே மாமா, அதே வழிதான். இங்கே தண்ணீரோடு உணவுத் தரமுள்ள எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலந்து, சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்து ஊறவைத்து, வடிகட்டிய பின் அழுத்தத்தைக் குறைத்து, அதிகச் சூடு படாமல் எத்தனாலை ஆவியாக்கி மீட்பார்கள். எத்தனால் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் வீட்டு அடுப்பில் இதைச் செய்யவே கூடாது; எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி கேட்கிறேன்.

ராணிப்பேட்டை மாமா: இரும்பு பட்டால் பட்டைத் தண்ணீர் கறுத்துவிடும். இதுவும் அப்படியா?

நான்: அப்படியேதான் மாமா. எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே ஆகும்.

குடியாத்தம் சித்தி: கொட்டையை எனக்குக் கொடுத்துவிடுங்கள். பொடித்துச் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்கள்.

நான்: சித்தி, மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொட்டையில் காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் என்ற தாவரச் சேர்மங்கள் இருப்பது உண்மை. விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் இரத்தச் சர்க்கரை குறைந்ததும் உண்மை. ஆனாலும் அது மாத்திரைக்கு மாற்றாகாது. இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடவும் கூடும். மருத்துவரைக் கேட்ட பிறகே பொடியைத் தொடுங்கள்.

காட்பாடி அத்தை: பாகம் பிரித்தபோது அந்த நாவல் மரங்கள் விறகுக்குக்கூட ஆகாதவை என்று சொன்னீர்கள், அண்ணா.

அணைக்கட்டு பெரியப்பா: சொன்னேன் அம்மா. இப்போது தோலைப் பரப்பிவிட்டேன். ஒரு பிடியை நீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்தேன், நன்றாகச் சிவந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததும் நீலமாகிப் பச்சையானது.

நான்: புளிப்பிலும் சுண்ணாம்பிலும் அப்படி மாறுவது ஆந்தோசயனினின் இயல்பு. அப்படியானால் நிறம் கெடாமல் இருக்கிறது, பெரியப்பா.

குடியாத்தம் சித்தி: கொட்டை எனக்கா, ஆய்வகத்திற்கா?

அணைக்கட்டு பெரியப்பா: கிருத்திகைக்கு எல்லோரும் வாருங்கள், அப்போது பேசிக்கொள்வோம்.