தீம் பார்க் போக மூட்டை கட்டிய அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

தாம்பரத்திலிருந்து:

போன கோடை விடுமுறையில் நாங்கள் நான்கு பேரும் அத்தையுமாக ஒரு தீம் பார்க் போய் வந்தோம். ஈசிஆரில் விஜிபி, எம்ஜிஎம், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா என்று நீங்கள் எங்கே போனாலும் நான் சொல்வது உதவும்.

துணிகளை வகைவகையாக மடித்து ஒரே பெரிய பையில் வைத்திருந்தேன். அடியில் எல்லோருடைய மாற்று உடை, நடுவில் உள்ளாடை, மேலே துண்டுகள். சாயங்காலம் அலைக்குளத்திலிருந்து ஏறி வந்து, பையைத் தூக்கிக்கொண்டு நானும் மகளும் பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் போய்விட்டோம். உள்ளே நீண்ட வரிசை. செல்போன்களோ லாக்கரில். வெளியே கணவரும் ஏழு வயது மகனும் சொட்டச் சொட்ட நனைந்தபடி அரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். கடற்காற்று வேறு. நான் வெளியே வந்தபோது பிள்ளைக்கு உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

அதிலிருந்து ஆளுக்கு ஒரு மூட்டை என்று மாற்றிவிட்டேன். அவரவர் துண்டுக்குள் அவரவர் உடையை வைத்துச் சுருட்டி, சின்னத் துணிப்பையில் போட்டு, எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் அடுக்குகிறேன். குளத்திலிருந்து ஏறியதும் அவரவர் மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஈரத்துணிக்குக் கடைசி நேரத்தில் கவர் தேடாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை இருக்கிறதே. வீட்டில் காலியான பத்து கிலோ அரிசிப் பை இருந்தால் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். நன்றாகப் பிழிந்து போட்டால் போதும்.

தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடையைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். நூல் பிரிந்து குளத்து ஃபில்டரை அடைத்துவிடும். நைலான் உடையை முன்கூட்டியே ரங்கநாதன் தெருவில் வாங்கி, ஒரு முறை அலசி வைத்துவிடுங்கள். போட்டுப் பார்த்து வாங்கினால் பிள்ளைகளுக்கு இடுப்பில் இறுக்காது.

நகை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நான் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு, செயினை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அங்கே ஒரு அம்மா கழன்று விழுந்த மெட்டியை இடுப்பளவுத் தண்ணீரில் காலால் துழாவித் தேடிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

அப்புறம், கிளம்புவதற்கு முந்தின நாளே பிள்ளைகளின் உயரத்தைக் கதவோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். உயர வரம்பு ரைடுக்கு ரைடு மாறும். எந்த ரைடில் தன்னை ஏற்றமாட்டார்கள் என்று வீட்டிலேயே தெரிந்துவிட்டால், வரிசையில் நின்று திரும்பி வரும் ஏமாற்றம் பிள்ளைக்கு இருக்காது.

பெரம்பூரிலிருந்து:

நீங்கள் அத்தையைக் கூட்டிப்போனதாகச் சொன்னதால் இதைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு 68 வயது. ரைடு எதிலும் ஏறமாட்டார். "நீங்க போய் விளையாடுங்கப்பா, நான் பையைப் பாத்துக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். கத்திரி வெயில் நேரம் அது. கழிப்பறை தூரத்தில் இருந்ததால் நடக்கத் தயங்கி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். மூன்று மணி வாக்கில் நான் திரும்பி வந்தபோது தலை சுற்றுகிறது என்று பெஞ்சில் சாய்ந்திருந்தார். முதலுதவி அறையில் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓஆர்எஸ் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். எங்கள் பையில் பிள்ளைகளுக்கு மூன்று செட் துணி இருந்தது, அம்மாவுக்கென்று ஒன்றுமே இல்லை.

இப்போது முதலில் அம்மாவுக்குத்தான் எடுத்து வைக்கிறேன்: மதிய மாத்திரை, குடை, விசிறி, முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை, இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு அதிகமாகிவிடும். உள்ளே போனதும் கழிப்பறைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து அம்மாவை உட்காரவைத்துவிட்டு, நானும் மனைவியும் மணிக்கு ஒருவராக வந்து பார்த்துக்கொள்கிறோம்.

மறுபடியும் தாம்பரத்திலிருந்து:

இதைப் படித்ததும் அத்தையிடம் போய்க் கேட்டேன். அன்றைக்கு அவரும் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்கவில்லையாம். "உங்க சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம்னுதான் சொல்லலைம்மா" என்றார். காலாண்டு விடுமுறைக்கு மறுபடியும் போகிறோம். அத்தைக்குத் தனியாக ஒரு மூட்டை இன்றைக்கே கட்டி வைத்துவிட்டேன்.